தன்னைக் கணக்குப் பார்த்த ஊர்

நன்றாக வாழ்வது எப்படி என்பதைப் பொருளாகக் கொண்ட நூல்களில், வாசகருக்கு அறிவுரை சொல்பவை ஒரு வகை, வாசகரைக் கேள்வி கேட்பவை இன்னொரு வகை. முதல் வகையே எண்ணிக்கையிலும் விற்பனையிலும் மிகுதி. அவற்றைப் படித்து முடிக்கையில் ஒரு தெம்பு பிறக்கிறது, ஆனால் அந்தத் தெம்பு அடுத்த வாரம் வரை நிற்பது அரிது. இரண்டாம் வகை நூல், நேற்று யாரிடம் எரிந்து விழுந்தாய், எடையில் எவ்வளவு குறைத்தாய், சொன்னவற்றில் எது பொய் என்று ஆளை உட்காரவைத்துக் கேட்கிறது. இப்படி ஒருவர் தம் செயல்களைத் தாமே எடுத்துவைத்துச் சரிபார்க்கும் பழக்கத்தைத் தன்னாய்வு என்று சொல்லலாம். கத்தோலிக்கர்களின் பழைய தமிழில் அதற்கு ஆத்தும சோதனை என்று பெயர். இந்தப் பழக்கத்தைப் பற்றிய நூல்கள் உலகின் பல மூலைகளில் தனித்தனியே எழுந்தவை என்றாலும், அவற்றுள் பலவும் நடந்துபோகும் தொலைவுக்குள் ஒன்றுகூடிய இடம் ஒன்று உண்டு. அது கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரியும் அதை ஒட்டிய கோட்டைக் கொச்சியும் ஆகும்.

மிளகு, சுக்கு, ஏலம் என்று நிறுத்து விற்றே பிழைத்த மட்டாஞ்சேரியில், காயலோரத்துப் பண்டகசாலைகளில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வரி எழுதப்பட்டது. எழுதியவர்களின் மொழிகளோ மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, எபிரேயம், தமிழ், போர்த்துக்கீசியம், டச்சு எனப் பலவாயின. இந்த ஊரின் சமயங்கள் மனிதனின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியபோதும் வரவு செலவுக் கணக்கின் சாயலிலேயே பேசின என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அந்த ஒற்றுமையைப் பின்தொடர்ந்து போனால், கணக்கு எழுதுவதை விட அதை யாரிடம் காட்டுவது என்பதுதான் உண்மையான சிக்கல் என்பதும், அந்தச் சிக்கலுக்கு ஒவ்வொரு நூலும் வெவ்வேறு விடை சொல்கிறது என்பதும் தெரியவருகின்றன.

தமிழர்களுக்கு இந்தக் கதை அச்சு இயந்திரத்தோடு தொடங்குகிறது. தமிழ் எழுத்துகளில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது, 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்த 16 பக்கங்கள் கொண்ட 'தம்பிரான் வணக்கம்'. அடுத்த ஆண்டு நவம்பர் 14 அன்று கொச்சியில், இயேசு சபையினரின் மாத்ரே தே தேவுஸ் கல்லூரியில், 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் அதைவிடப் பெரிய நூல் அச்சானது. போர்த்துக்கீசியரான மார்கோஸ் ஜோர்ஜ் சிறுவர்களுக்காக ஆசிரியர், மாணவர் உரையாடலாக எழுதிய சமயப் பாடநூலின் தமிழாக்கம் அது. ஆக்கியவர் அண்ட்ரிக் அடிகளார் என்று தமிழில் அறியப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். 1580இல் அதே ஊரில் 'கொம்பெசியோனாயரு' வந்தது. பாவ அறிக்கை செய்வதற்கு ஒருவர் தம்மை எப்படித் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று விளக்கும் கைந்நூலுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் வழங்கிய பெயரே தமிழ் உருவில் இவ்வாறு ஆயிற்று.

இத்தகைய கைந்நூல்கள் அக்கால ஐரோப்பாவில் ஏராளமாக இருந்தன. பத்துக் கட்டளைகளின் வரிசையில் கேள்விகளை அடுக்குவதும், திருடக்கூடாது என்ற ஒற்றை விதியைக் கள்ள எடை, கூலியை நிறுத்திவைத்தல், கடனைத் திருப்பாமை, கண்டெடுத்த பொருளை மறைத்தல் என்று கிளை கிளையாகப் பிரித்து, எந்தக் கிளையிலும் ஒளிந்துகொள்ள இடமில்லாதபடி செய்வதும் அவற்றின் முறை. தமிழகத்தின் தென்கோடிக் கடற்கரையான முத்துக்குளித்துறையில் இதன் தேவை இன்னும் கூடுதலாக இருந்தது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் காலத்தில் பாதிரியாருக்கும் மக்களுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. கோயிலில் செபம் சொல்வதற்கு அது போதுமானதாக இருந்தாலும், ஒருவர் தம் குற்றத்தைக் காதோடு காதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மூன்றாவதாக ஒரு காது வந்துவிடும். 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த ஹென்ரிக்கஸ் விடாமுயற்சியோடு தமிழைக் கற்று இலக்கணமும் எழுதியதற்கு இந்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம் எனலாம். அச்சுக்கு ஆன செலவில் அந்தக் கடலோரத்துப் பரதவ மக்களும் பங்கேற்றனர். ஓலைச்சுவடி வழக்கப்படி மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லாமலும், எகர ஏகார வேறுபாடு இல்லாமலும் அச்சான அந்தப் பக்கங்களை இன்றைய வாசகர் தட்டுத் தடுமாறித்தான் படிக்க முடியும்.

ஹென்ரிக்கஸின் பிறப்பும் இங்கே கவனிக்கத்தக்கது. போர்த்துக்கலில் மதம் மாற நேர்ந்த யூதர்களின் வழிவந்த, புதுக்கிறித்தவர் என்று அழைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அந்தப் பிறப்பின் காரணமாகவே முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபை அவரை விலக்கியது. பிறகு 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். அவருடைய நூல்கள் அச்சான கல்லூரியிலிருந்து அரைமணி நேர நடையில், ஐபீரியாவிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களும் சேர்ந்து 1568இல் எழுப்பிய பரதேசி சினகாக் நின்றது. பிறநாட்டிலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருளிலேயே அந்தப் பெயர் வழங்கிற்று. தமிழில் அச்சொல்லுக்குப் பின்னாளில் ஏறிய இரவலர் என்ற பொருளை அங்கே கொண்டுபோகக் கூடாது. கொச்சி அரசருக்குப் போர்த்துக்கீசியர் ஏறத்தாழ 1555இல் கட்டித்தந்த அரண்மனைக்குப் பக்கத்திலேயே இந்தத் தொழுகைக்கூடம் இருந்தது. ஒரே முன்னோரின் வழிவந்தவர்கள் ஒரே துறைமுகத்தில் இருவேறு வேதங்களுக்குள் பாவத்தைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

இயேசு சபையினர் இந்தப் பட்டியலைக் கணக்கேடாகவே ஆக்கியிருந்தனர். சபையை நிறுவிய லொயோலாவின் இஞ்ஞாசியார் எழுதி 1548இல் அச்சான 'ஆன்மப் பயிற்சிகள்' என்னும் நூல், ஒருவர் தம்மிடம் உள்ள குறைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் கிழித்து, அந்தக் குறையில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்து, நேற்றைய புள்ளிகளோடு இன்றையவற்றை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின், பதின்மூன்று நற்பண்புகளை எழுதி ஏழு நாளுக்கும் கட்டம் போட்டுக் கரும்புள்ளி வைத்ததும் ஏறக்குறைய இதே முறைதான். இன்று கைப்பேசியில் பழக்கங்களைக் கண்காணிக்கும் செயலிகள் பச்சைக் கட்டங்களாகக் காட்டுவதும் அதன் பேரப்பிள்ளையே. பாவம் போய் நடைப்பயிற்சி வந்திருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

கத்தோலிக்க முறையில் கணக்கு குருவானவரிடம் காட்டப்படுகிறது. அதில் ஓர் ஆறுதல் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு: கேட்க ஒரு மனிதர் இருப்பதால் மறைக்க முடியாது, அதே சமயம் கேட்கும் மனிதருக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. கடலோரத்து மக்கள் அந்நிய அரசின் பாதுகாப்பில் இருந்த அந்தக் காலத்தில், அவர்களின் மனச்சான்றையும் அந்நியர் ஒருவரே விசாரித்தார் என்பதையும், கோவாவில் 1560 முதல் சமய விசாரணை மன்றம் இயங்கியதையும் மறந்துவிட்டுக் 'கொம்பெசியோனாயரு'வைப் போற்றுவது சரியாகாது.

சினகாக்கில் அந்த ஏற்பாடு வேறு விதம். பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூரில் யூதர்கள் உண்ணாமல் பருகாமல் பலமுறை ஓதும் குற்ற அறிக்கைக்கு விதுய் என்று பெயர். அதன் குறுகிய வடிவம் எபிரேய நெடுங்கணக்கின் வரிசையில் அமைந்தது. நீண்ட வடிவமோ வாயால் செய்த குற்றம், கொடுக்கல் வாங்கலில் செய்த குற்றம், வட்டியில் செய்த குற்றம் என்று விரிகிறது. இரண்டிலும் 'நான்' என்ற சொல்லின் இடத்தில் 'நாங்கள்' இருக்கிறது. தான் செய்யாத குற்றத்தையும் ஒருவர் தம் வாயால் சொல்ல வேண்டும், ஏனெனில் கூட்டத்தில் யாரோ ஒருவர் அதைச் செய்திருக்கக்கூடும், அவரைத் தனியே நிறுத்தக் கூடாது. அதைவிடக் கடுமையானது, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பின் ஒரு விதி: கடவுளுக்கு எதிரான குற்றத்தை யோம் கிப்பூர் நீக்கும், ஆனால் மனிதனுக்கு எதிராகச் செய்ததை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும் வரை அது நீக்காது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மெய்யியலாளர் மைமோனிடிஸ் இதை நடைமுறையாக வகுத்தார். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்; அவர் மறுத்தால் மூன்று நண்பர்களோடு மீண்டும் போக வேண்டும்; அவர் இறந்துவிட்டிருந்தால் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறையின் முன் நின்று சொல்ல வேண்டும்.

இவ்வளவு நுட்பமான விதியைக் கொண்ட சமூகமே அதை மீறியது என்பதும் மட்டாஞ்சேரியின் வரலாறே. பரதேசி யூதர்களிடம் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் எனக் கருதப்பட்டவர்கள் மெஷுக்ராரிம் என்று அழைக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொழுகைக்கூடத்தின் உள்ளே மற்றவர்களோடு சமமாக அமர முடியாமலும், வேதச்சுருளை வாசிக்கும் உரிமை இல்லாமலும் முன்கூடத்தில் ஒதுக்கப்பட்டிருந்தனர். ஆண்டுக்கு ஆண்டு ஓதப்பட்ட அந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் முன்கூடத்தில் இருந்தவர்கள் அடங்கினார்களா என்று கேட்டவர் அவர்களுள் ஒருவரான ஏ.பி. சேலம் (1882–1967). வழக்கறிஞரும் கொச்சி சட்டசபை உறுப்பினருமான அவர், காந்தியின் வழியைப் பின்பற்றித் தம் தொழுகைக்கூடத்திலேயே சத்தியாக்கிரகம் இருந்தார். யூத காந்தி என்ற பெயரும் அவருக்கு அதனால்தான் வந்தது. தடைகள் ஒன்றொன்றாக, மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஆனால் இஸ்ரேல் உருவான பின் 1950களில் பெரும்பாலான கொச்சி யூதர்கள் அங்கே குடிபெயர்ந்தபோது, சமமாக அமர்வதற்கு ஆட்களே குறைந்துபோனார்கள். எந்த வாழ்வியல் நூலையும் மதிப்பிட இதைவிடக் கறாரான உரைகல் இல்லை: அதை ஓதுகிறவர்கள், அதன்படி தங்களிடம் கேள்வி கேட்க வருபவரை வாசலில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சினகாக்கிலிருந்து சிறிது தூரத்தில் குஜராத்தி வீதியில், புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் தர்மநாதர் சமணக் கோயில் இருக்கிறது. மட்டாஞ்சேரிக்கு வணிகத்துக்காக வந்து தங்கிய குஜராத்திச் சமணர்களின் அன்றாடக் கடமைகளில் பிரதிக்கிரமணம் ஒன்று. திரும்பி வருதல் என்பது அதன் நேர்ப்பொருள். நெறியிலிருந்து விலகிப்போன இடத்தை நினைவுகூர்ந்து மனத்தளவில் அங்கிருந்து திரும்புவது அதன் கருத்து. இதற்குரிய பிராகிருத சூத்திரங்கள், இல்லறத்தார் ஏற்ற அணுவிரதங்களில், அதாவது சிறு நோன்புகளில், எந்தெந்த வழிகளில் வழுக்கல் நேரலாம் என்று பட்டியலிடுகின்றன. இத்தகைய வழுக்கலுக்கு அதிசாரம் என்று பெயர். கொல்லாமை நோன்பின் அதிசாரங்களில் சுமைவிலங்கின் மேல் அளவுக்கு மீறி ஏற்றுவதும், அதற்குத் தீனியும் நீரும் தராதிருப்பதும் இடம்பெறுகின்றன; கள்ளாமை நோன்பின் அதிசாரங்களில் கள்ள நிறையும் கலப்படமும் இடம்பெறுகின்றன. மிளகு மூட்டை ஏற்றிய வண்டிகள் போய்வந்த தெருவில் இந்தச் சொற்கள் வெறும் மறைமொழியாக இருந்திருக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை பர்யூஷண் விழாவின் இறுதி நாளான சம்வத்சரியில், தாம் செய்த தீங்கு பயனற்றுப் போகட்டும் என்ற பொருளில் 'மிச்சாமி துக்கடம்' என்று சொல்லி, மனிதர்களிடம் மட்டுமல்லாமல் ஓரறிவு உயிர் வரைக்கும் மன்னிப்புக் கேட்கப்படுகிறது. இப்போது இந்த வாசகம் பூப்படத்தோடு வாட்ஸப்பில் எல்லோருக்கும் ஒரே நொடியில் போகிறது. உண்மையில் மனம் புண்பட்டவர் அந்தப் பெயர்ப்பட்டியலில் இருக்கிறாரா என்பதை அனுப்புபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்று மரபுகளுக்கும் வெளியே, குருவும் கூட்டமும் இல்லாமல், தன் கணக்கைத் தனக்கே காட்டிக்கொண்ட மரபு பண்டைய ரோமின் ஸ்டோயிக் சிந்தனையாளர்களுடையது. நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறிந்து, உள்ளதில் மட்டும் மனத்தைச் செலுத்துவதே நல்வாழ்வு என்பது ஸ்டோயிக் கொள்கையின் சாரம். அவர்களுள் ஒருவரான செனகா, சினத்தைப் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில், இரவு விளக்கு அகற்றப்பட்டு, தம் வழக்கத்தை அறிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பின், அன்றைய நாள் முழுவதையும் தாம் அளந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறார். இந்த மரபுக்கும் கொச்சிக்கும் ஒரு மெல்லிய இழைத்தொடர்பு இருக்கிறது. பின்னாளில் சீனாவில் பெரும்புகழ் பெற்ற இத்தாலியரான மத்தேயோ ரிச்சி, கொச்சியில் தங்கிக் கற்பித்து, 1580இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். 'கொம்பெசியோனாயரு' அச்சான ஆண்டும் அதுவே. சீனா சென்ற அவர் மேலைநாட்டு அறிஞர்களின் கருத்துகளைத் தொகுத்து 1595இல் நட்பைப் பற்றிச் சீன மொழியில் ஒரு நூல் எழுதினார். 1605இல் வெளிவந்த அவருடைய 'இருபத்தைந்து மொழிகள்', அடிமையாகப் பிறந்த ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸின் கைந்நூலைத் தழுவியது.

இன்றைய புத்தகக் கடைகளில் ஸ்டோயிக் நூல்களுக்கு மறுபடியும் காலம் பிறந்திருக்கிறது. ரோமப் பேரரசரான மார்க்கஸ் அவுரேலியஸ் தமக்காக மட்டும் எழுதிவைத்த குறிப்புகள், மேலாளர்களுக்கான கையேடு போல விற்கின்றன. அந்த நூல்களின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை என்றாலும், செனகாவின் இரவுக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவரிடம் அளவுக்கு மீறி வெளிப்படையாகப் பேசி, அவரைத் திருத்துவதற்குப் பதிலாகப் புண்படுத்திவிட்டதை அவர் நினைவுகூர்கிறார். இனிமேல் கேட்பவரால் உண்மையைத் தாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று தமக்குத் தாமே சொல்லி, தம்மை மன்னித்தும் விடுகிறார். புண்பட்டவர் வீட்டுக்கு மறுநாள் காலையில் போக வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பகுதியில் எழவே இல்லை. கணக்கு எழுதியவரே தணிக்கையாளராகவும் இருக்கும்போது, கடன் கொடுத்தவர் பக்கம் காலியாகிவிடுகிறது. இந்த இடத்தில் மைமோனிடிஸின் கல்லறை விதி செனகாவின் விளக்கணைந்த அறையை விட உயர்ந்து நிற்கிறது.

ரிச்சி நட்பைப் பற்றி எழுதிய அதே 1595இல், பெயர் தெரியாத ஒருவர் திருக்குறள் முழுவதையும் அக்கால மலையாளப் பேச்சுக்கு நெருக்கமான உரைநடையில் எழுதி முடித்தார். குறளுக்குப் பிற மொழியில் அமைந்து இன்று அறியப்பட்டுள்ள ஆக்கங்களில் இதுவே மிகப் பழையது. 'திருக்குறள் பாஷா' என்னும் இந்தச் சுவடியைப் பற்றிய செய்தியைக் கொச்சி அரசின் தொல்லியல் துறை 1933–34ஆம் ஆண்டின் அறிக்கையில் வெளியிட்டது. வீரமாமுனிவர் 1730இல் குறளை இலத்தீனில் ஆக்கியபோது காமத்துப்பாலை விட்டுவிட்டார். அந்தப் பெயரறியா மலையாள ஆசிரியரோ அதற்கு நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே எதையும் விடவில்லை. தமிழிலேயே குறள் அச்சேறியது 1812இல்தான். பாவ அறிக்கைக்கான கைந்நூல் தமிழில் அச்சாகி 232 ஆண்டுகள் கழிந்த பிறகே, தமிழரின் தலையாய வாழ்வியல் நூல் அச்சைக் கண்டது.

குறள் இந்தக் கணக்கை யாரிடம் காட்டச் சொல்கிறது? வாய்மை அதிகாரத்தில் அது ஒருவரின் நெஞ்சையே சாட்சியாக நிறுத்துகிறது. இதில் செனகாவோடு உடன்படுகிறது. குற்றங்கடிதல் அதிகாரத்தில், பிறர் குற்றத்தைப் பார்க்கும் முன் தன் குற்றத்தை நீக்கும்படி அரசனிடமே சொல்கிறது. விசாரிக்கும் அதிகாரம் உள்ளவன் முதலில் விசாரிக்கப்பட வேண்டும் என்ற இந்த வரிசைமாற்றம் கவனிக்கத்தக்கது. நடுவுநிலைமையில் வணிகனைக் கூப்பிட்டு, பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொல்கிறது. ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்திலோ, ஒருவர் உலகத்துக்குப் பட்டிருக்கும் கடமை மழை செய்யும் உதவியைப் போலக் கைம்மாறு வேண்டாதது என்று கணக்கேட்டையே மூடிவைத்துவிடுகிறது.

இந்த ஒப்புரவு என்ற சொல்லின் பிற்காலப் பயணம் சுவையானது. ஹென்ரிக்கஸ் காலத்தில் போர்த்துக்கீசிய ஒலியோடு வழங்கிய பாவ அறிக்கை, பின்னர் வடமொழித் தோற்றத்தில் பாவசங்கீர்த்தனம் ஆயிற்று. இன்றைய தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபை அதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறது. குற்றத்தைச் சொல்லுதல் என்பதிலிருந்து, உறவை நேராக்குதல் என்பதற்குப் பெயரே நகர்ந்திருக்கிறது. 1580இன் நூலுக்கும் 1595இன் சுவடிக்கும் இடையில் கொச்சியில் நிகழாமல் போன சந்திப்பு, நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு சொல்லில் நிகழ்ந்துவிட்டது என்று இதைக் கொள்ளலாம்.

'கொம்பெசியோனாயரு'வின் படி ஒன்று இன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதைத் தேடிப்போவது எல்லோராலும் ஆகாது. ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம், குற்றங்கடிதல் 44ஆம் அதிகாரம். இரண்டும் சேர்ந்து இருபது குறட்பாக்கள், உரையோடு படித்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.